சாட்சியின் முதல் பாதி

என் அப்பாவிடம் எதையும் சொல்ல முடியாது. ஊரெல்லாம் போய் உளறுகிறவர் இல்லை அவர். சொன்னதைப் பாடமாக்கிவிடுவார். அதுதான் தொல்லை.

வார நாட்களில் அப்பா ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை போதகர். ஒரு லாண்டரியின் மாடியில் இருக்கும் நீளமான ஹாலில்தான் எங்கள் சபை கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் கீழே ஓட்டல் விரிப்புகள் வெந்துகொண்டிருக்கும். அதனால் எங்கள் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். முழங்காலிட்டு ஜெபிக்க மழைக்காலத்தில் சுகம், வெயில் காலத்தில் தண்டனை.

ஆராதனைக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளோடும் சேர்க்க முடியாத, பெரியவர்களோடும் சேர்க்க முடியாத எங்களுக்கென்று ஒரு வகுப்பு உண்டு. அதை அப்பாவே எடுப்பார். புத்தகமெல்லாம் கிடையாது. வட்டமாக உட்காரவைத்து, "இந்த வாரம் என்ன நடந்துச்சு?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சைக்கிள் செயின் கழன்றது, பரீட்சையில் பேனா எழுதவில்லை, தம்பியோடு சண்டை. அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார். பிறகு திறந்து, "அதிலிருந்து நாம என்ன கத்துக்கிறோம்?" என்பார். செயினில் ஐக்கியம் இருக்கும். பேனாவில் ஆயத்தம் இருக்கும். சண்டையில் மன்னிப்பு இருந்தே தீரும். பையன்கள் அவருக்கு 'அதிலிருந்து அங்கிள்' என்று பேர் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். கோபப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேரிலிருந்தும் ஒரு பாடம் எடுத்தார்.

வகுப்பில் யாருக்கும் ஒன்றும் நடக்காத வாரங்களும் உண்டு. அப்போதெல்லாம் நான்தான் மாட்டுவேன். நான் வீட்டிலேயே இருக்கும் சரக்கு. பஸ்ஸில் தூங்கி இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது, பால் பொங்கி வழிந்தது, பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பாவாடை ஜிப் மேடையிலேயே பிய்த்துக்கொண்டது, எல்லாம் பாடமாகிவிட்டது. ஒருமுறை என் தாடையில் பெரிய பரு ஒன்று வந்தது. கிள்ளாதே என்று அம்மா சொல்லியும் கிள்ளினேன், சீழ் வைத்துவிட்டது. அந்த வாரம் மறைத்துவைத்த பாவத்தைப் பற்றி அப்பா பேசினார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்றுதான் ஆரம்பித்தார். அந்தப் பெண் யார் என்று என் தாடையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாலே தெரியாதா? ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து என் தாடையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்பாவின் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன். அது கனம்.

வகுப்பில் என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் பஸ் டிரைவரின் மகள். அப்பா அவள் பக்கம் திரும்பி "நீ சொல்லு" என்றாலே அவளுக்கு விக்கல் எடுத்துவிடும். அதனால் அவள் பேரே விக்கல் என்றாகிவிட்டது. என்னைவிட ஒரு வயது சின்னவள். போதகர் மகள் என்பதால் எனக்கு "வாங்க, போங்க" மரியாதை. எத்தனை தடவை திட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். சிரித்துத் தொலைக்கலாம். அப்பா நல்லவர். அவருக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது, திறந்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. மெஷினைத் திறக்கிற கை, எங்களையும் திறக்கப் பார்த்தது. அவ்வளவுதான்.

நான் சொல்லவந்த தொல்லை வேறு. எனக்கு ஜெபம் நின்றுபோனது.

ஏதாவது நடந்து நின்றிருந்தால் பரவாயில்லை. யாரும் சாகவில்லை. யாருக்கும் பெரிய நோய் இல்லை. நான் ஒரு பையனோடும் ஓடிப்போக நினைக்கவில்லை, ஓடலாம் என்று தோன்றும்படி ஒரு பையனும் எங்கள் தெருவில் இல்லை. ஒரு சாதாரண சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே வழக்கம்போல மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஆண்டவரே, நாளைக்குக் கணக்கு டீச்சர் வரக்கூடாது, ஆண்டவரே, அம்மாவுக்கு முதுகுவலி குறையணும், இப்படி. பேசிக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாள் என்று நினைத்து நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்போம், எட்டிப் பார்த்தால் அவள் எப்போதோ கடைக்குப் போயிருப்பாள். அந்த மாதிரி. ஒரு வித்தியாசம், அம்மா திரும்பி வந்துவிடுவாள்.

முதலில் சோர்வு என்று நினைத்தேன். பிறகு பயம் வந்தது. முழங்காலில் நின்று பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உபவாசம் இருந்து பார்த்தேன், தலைவலிதான் வந்தது. வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தால் எழுத்து எழுத்தாகவே இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அதைவிட மோசம், அழும்போது கூப்பிட ஆள் இல்லை.

அந்த வருடம்தான் எனக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் சபையில் ஞானஸ்நானத் தொட்டி எது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஐஸ்கிரீம் கடை ஒன்றில் வேண்டாம் என்று தள்ளிவிட்ட நீளமான ஃப்ரீசர் பெட்டி. அப்பா அதன் கம்ப்ரஸரைக் கழற்றி, மூடியை எடுத்து, ஓட்டைகளை அடைத்து, நீல பெயின்ட் அடித்து மாடிக்கு ஏற்றிவிட்டார். லாண்டரி பாய்லரிலிருந்து ஹோஸ் போட்டு வெந்நீர் நிரப்புவார்கள். தண்ணீரில் லேசாக சோப்பு வாடை இருக்கும். வெள்ளை அங்கி போட்டு அதற்குள் உட்கார வேண்டும். அப்பா வெளியே நின்று குனிந்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கி, பின்னால் சாய்த்து முக்கி எடுப்பார். அதைக் கேலி பண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் யாரையாவது அதிலிருந்து தூக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தால் கேலி பண்ண வாய் வராது.

முழுகுவதற்கு முன்னால், ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்கு ஓர் அமைப்பு உண்டு. முதல் பாதி இருட்டு, இரண்டாவது பாதி வெளிச்சம். சபைக்கும் அது நன்றாகப் பழக்கம். முதல் பாதியில் உச்சுக்கொட்டுவார்கள், "ஆண்டவரே" என்பார்கள். இரண்டாவது பாதியில் அல்லேலூயா. விக்கலின் அப்பா, அந்த பஸ் டிரைவர், சபையிலேயே சாட்சிக்குப் பேர் போனவர். அந்தக் காலத்தில் குடித்த கதையை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில் கூடும். திருந்திய கதை மட்டும் அதே அளவில் இருக்கும். "எங்கப்பா இவ்ளோ குடிச்சிருந்தா நான் பொறந்தே இருக்க மாட்டேன்" என்று விக்கல் என் காதில் சொல்வாள்.

எனக்கு முதல் பாதி மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படி எல்லோர் முன்னாலும் போய், விசுவாசிக்கிறேன் என்று சொல்வது? பொய் சொல்லலாம். கணக்கு டீச்சரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். இது அப்படி இல்லை. ஆண்டவர் இருந்தால் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் பொய். இல்லாவிட்டால், வெறும் தண்ணீருக்குள் வெள்ளை உடுப்போடு உட்காருவது. எப்படிப் பார்த்தாலும் என்னால் முடியாது என்று தோன்றியது.

முதலில் அம்மாவிடம் போனேன். அம்மா கீழே அதே லாண்டரியில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நீராவி இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்கும் புஸ் புஸ் சத்தத்துக்கு நடுவில், நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடியும்.

"அம்மா, எனக்கு ஜெபம் பண்ணவே வரலம்மா."

"தூக்கம் வந்தா படுத்துடு. காலையில பண்ணு."

"அது இல்ல. யாரும் கேக்குற மாதிரியே தெரியல. ரொம்ப நாளா."

அம்மா ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அது அடங்கும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் அதையெல்லாம் பாக்குறதில்லடி. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போயிட்டே இருப்பேன். நின்னு பதில் வருதான்னு பாக்க இங்க எங்க நேரம்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொன்னியா?"

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா, நான்தான் பிள்ளை மனசைக் கலைச்சுட்டேன்னு நினைப்பாரு. உன் வாயால சொல்லு. பக்குவமா சொல்லு." அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "அந்த வெள்ளை அங்கியை நேத்துதான் தேச்சு மாட்டினேன்" என்றாள், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்வதற்கு அவருடைய வேன்தான் சரியான இடம் என்று தோன்றியது. ஓட்டும்போது அவரால் கண்ணை மூட முடியாது. ஒரு விடுமுறை நாள், பழுது பார்த்த ஃபிரிட்ஜ் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பியவரோடு நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் ஃபிரிட்ஜ் கயிற்றில் கட்டுண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகிக்கொண்டு வந்தது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். இதைப் பாடம் ஆக்கக்கூடாது."

"சரி."

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுன்னும் ஆரம்பிக்கக் கூடாது."

"சரிடா, சொல்லு." சிரித்தார்.

சொன்னேன். துணி மடித்த சாயங்காலத்திலிருந்து ஆரம்பித்து, உபவாசத் தலைவலிவரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பாரமாக இருந்தது. "அங்க யாருமே இல்லைன்னு தோணுதுப்பா. தோணுது கூட இல்ல. தெரியுது" என்று முடித்தேன்.

அப்பா வேனை ஓரங்கட்டினார். டயர் கடை ஒன்றின் முன்னால், வெயிலில் நின்றோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பியபோது கண்ணெல்லாம் நிறைந்திருந்தது, முகத்தில் துக்கம் இல்லை. என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். பெயின்ட்டும் கிரீஸும் கலந்த வாசம்.

"நல்ல சாட்சிடா இது" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"சொன்னா சிரிப்ப. எனக்கு ஒரே கவலை. நம்ம பொண்ணுக்கு சாட்சி சொல்ல என்ன இருக்கு? குடிச்சாளா, திருடினாளா? பொறந்ததுல இருந்து இங்கயே கிடக்கா. எந்திரிச்சு நின்னா ரெண்டு வரியில முடிஞ்சிருமேன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். ஆண்டவர் உனக்குன்னு ஒரு இருட்டை வச்சிருந்திருக்காரு பாரு."

"அப்பா, இது சாட்சி இல்லப்பா."

"முதல் பாதி எல்லாருக்கும் அப்படித்தாண்டா இருக்கும். அதுக்குள்ள இருக்கும்போது அது பாதின்னே தெரியாது."

"ரெண்டாவது பாதி?"

"வரும். தண்ணிக்குள்ள இறங்கும்போது வரும்."

"வரலைன்னா?"

"வராம எங்க போயிரும்?"

"அடுத்த வருஷம் வச்சுக்கலாம்பா. ப்ளீஸ்ப்பா."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். "இப்ப தள்ளிப்போட்டா அங்கயே நின்னுருவ" என்றார், மெதுவாக. "அந்த வீட்டம்மா காத்துட்டிருப்பாங்க. பால் எல்லாம் வெளியில கிடக்கும்."

அதன் பிறகு வழியெல்லாம் அவர் வாய்க்குள் பாடிக்கொண்டே வந்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லப்போனால், நன்றாக நீந்துகிறாய் என்று கைதட்டுகிறார்களே, என்ன செய்வது?

அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்குப் புரியாவிட்டால் சபைக்குச் சொல்லிவிடுவது. ஞானஸ்நானத்தன்று எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொல்லி, பாதியிலேயே நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவது. இரண்டாவது பாதி இல்லாமல் யாரையும் முக்க முடியாது. அதுவரை அப்படி ஒருவரையும் முக்கியதில்லை. இதை நினைத்ததும் ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு மூச்சு நேராக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அம்மா தேய்த்த அங்கி மடிப்புக் கலையாமல் மொடமொடவென்று விறைத்து நின்றது. என்னோடு வேறு யாரும் முழுகவில்லை. நான் மட்டும்தான். அப்பா என்னைக் கூப்பிட்டார். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சொன்னேன். வேனில் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னேன். "கொஞ்ச நாளா நான் ஜெபம் பண்றதில்ல. பண்ற மாதிரி தலையைக் குனிஞ்சிட்டு இருப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது" என்றதும் உச்சுக்கொட்டுகிற சத்தம் வந்தது. "நீங்க எல்லாரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன்" என்றபோது ஓர் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆண்டவரே" என்று பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் விடவில்லை.

"இப்பவும் அப்படித்தான் இருக்கு. இன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான். அவ்வளவுதான் சொல்லணும்" என்று மைக்கை இறக்கினேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அன்பாக. அந்த அன்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. காத்திருக்கிறார்கள்.

"அப்புறம்?" என்றார் பஸ் டிரைவர், மெதுவாக, எடுத்துக் கொடுப்பதுபோல.

"அப்புறம் இல்ல" என்றேன். மைக் கீழே இருந்ததால் அது அவருக்குக் கேட்டதோ என்னவோ. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. எங்கள் சபையில் சாட்சியின் நடுவில் யாராவது அழுதுவிட்டால், உடனே கீபோர்டு வாசிக்கும் அக்கா பாட்டை எடுத்துவிடுவார். அழுகிறவரைத் தாங்குவதற்காக எல்லோரும் எழுந்து பாடுவார்கள். அது வழக்கம். நானே எத்தனையோ பேருக்காக எழுந்து பாடியிருக்கிறேன். இப்போது எனக்காக எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

அப்பா வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "மீதியை அவளால சொல்ல முடியல" என்றார் தழுதழுத்து. "மீதி தண்ணிக்குள்ள இருக்கு." அல்லேலூயா என்று ஹால் அதிர்ந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

கதவு எனக்கு வலப்பக்கம் இருந்தது. செருப்புகள் கிடக்கும் வாசல், அப்புறம் படிக்கட்டு, அப்புறம் தெரு. போயிருக்கலாம். யாரும் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். அம்மா சுவரோரம் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் பாடவில்லை. போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அப்பாவின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் போவதற்காகக் காலையில் நெடுநேரம் கல்லில் தேய்த்திருக்கிறார். விரல் நுனியெல்லாம் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கதவுப் பக்கம் கால் வரவில்லை. நான் அப்பாவை அவ்வளவு நேசிக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு உதவியாக இல்லை.

ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் சூடாக இருந்தது. அங்கி பலூன்போல உப்பி மேலே வந்தது, அம்மா ஓடி வந்து அழுத்திவிட்டாள். அப்பா என் பிடரியைப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சாய்த்தார்.

உள்ளே சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். நீல பெயின்ட். அப்பா அடைத்த ஓட்டைகளின் மேடு. இந்த நேரத்தில் வரட்டும் என்று ஒரு வினாடி உண்மையாகவே கேட்டேன். எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காகவாவது வரட்டும் என்று கேட்டேன். சோப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது.

தூக்கிவிட்டார். இருமினேன். ஹால் முழுக்கக் கைதட்டல். அப்பா என் காதருகில் குனிந்தார். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"வந்துச்சாடா?"

கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப்போல இருந்தது. வராதோ என்று அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது. என் பதிலில் என் விசுவாசம் மட்டும் இல்லை, அவருடையதும் இருந்தது.

"ம்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். இரண்டு கையையும் தூக்கி, மைக் இல்லாமலே, "என் பிள்ளைக்கு வந்துருச்சு!" என்று கத்தினார். வாழ்க்கையில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

உடை மாற்றுவதற்கு லாண்டரிக்காரர்கள் விரிப்புகள் அடுக்கிவைக்கும் சின்ன அறையைத் தந்திருந்தார்கள். அம்மா தலையைத் துவட்டிவிட்டு, ஈர அங்கியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டாள். நான் விரிப்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

விக்கல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா."

"என்ன?"

"நீங்க சொன்னீங்கல்ல, உள்ள ஒண்ணுமே இல்ல, வாயை மட்டும் அசைப்பேன்னு. எனக்கும் அப்படித்தான் இருக்கு. எனக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன்." மளமளவென்று சொன்னாள், சொல்லாவிட்டால் போய்விடும் என்பதுபோல. "வீட்ல சொன்னா எங்கப்பா செத்துருவாரு. நான் உங்க ரெண்டாவது பாதிக்காகக் காத்துட்டே இருந்தேன். அதுக்குள்ள பாடிட்டாங்க. தண்ணிக்குள்ள என்ன நடந்துச்சுக்கா? எப்படி வந்துச்சு?"

அப்பா என்றால் இந்நேரம் கண்ணை மூடியிருப்பார். எனக்கும் சொல்லத் தெரியாமல் இல்லை. இத்தனை வருடம் கேட்டு வளர்ந்த காதுதானே. இருட்டைப் பற்றி, பொறுமையைப் பற்றி, விதையைப் பற்றி அடுக்கியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் வரல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "அங்கிள் கத்தினாரே."

"வந்துச்சான்னு கேட்டாரு. ம்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"அவர் முகத்தைப் பார்த்தேன்."

விக்கல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஈரத் துண்டின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் திட்டட்டும் என்று இருந்தேன். ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் என்றும் தோன்றியது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேராக வாயசைக்கலாம். வெட்கக்கேடுதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

"இப்ப சந்தோஷமா இருக்காரா அங்கிள்?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே அப்பா மைக்கில் பேச ஆரம்பித்திருந்தார். அடுத்த வருடம் பெட்டியில் இறங்க யாருக்கெல்லாம் விருப்பம், கையை உயர்த்துங்கள் என்று கேட்டார். விக்கல் துண்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எனக்கு ஏதோ உறைத்தது. எழுந்து ஓடினேன். கதவைத் திறந்தபோது அவள் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உயர்ந்திருந்தது ஒரே ஒரு கை. "கையை இறக்கு" என்று சத்தம் வராமல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் டிரைவர் நாற்காலியைவிட்டு எழுந்து, கண்ணீர் வழிய, மகளைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.